எதிர்வீடு சாய்ந்த தெரு

எங்கள் பட்டறைத் தெருவில் ஒரு வீட்டுக்கு மனப்பாரம் வந்தால் அந்த வீடு அமிழும், அதற்கு நேர் எதிர்வீடு சாயும் என்று ஆகிப்போனது போன ஆடி மாசம், நான் கோகிலவாணி அண்ணியின் காருக்கு அடியில் மூன்று இஞ்சு பைப்பை வைத்து வெல்டிங்கில் பற்றவைத்த மறுநாள் காலையிலிருந்து. அதற்கு முந்தைய நாள் வரை அது எல்லாத் தெருவையும் போல, மேற்கு வரிசையில் பதினோரு வீடும் கிழக்கு வரிசையில் பதினோரு வீடுமாக, நடுவில் கிரீஸ் கறை படிந்த சிமெண்டு ரோட்டோடு, யார் வீட்டுத் துக்கம் யார் வீட்டையும் தொடாமல் நின்றுகொண்டிருந்தது.

தொட்டிக்காட்டுப்புதூர் லாரி ஊர். பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட மாப்பிள்ளைக்கு எத்தனை லாரி, ஆறு சக்கரமா பத்துச் சக்கரமா என்றுதான் கேட்பார்கள். இருபத்தேழு வருசமாக லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தே நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். குழந்தைவேல் கை வைத்தால் ஆக்ஸில் பேசும் என்று ஒரு பேர் உண்டு, அந்தப் பேரை மற்றவர்கள் சொன்னதைவிட நானே அதிகம் சொல்லியிருப்பேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் எதிர்வீடு செங்கோட்டுவேல் அண்ணனுடையது. அசாம் வரை லாரி ஓட்டிய மனுசன், நான்கு வருசத்துக்கு முன்னால் ஆந்திரா பக்கம் மலை இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உயிரில்லாமலும் இடுப்புக்கு மேலே வலியைத் தவிர வேறொன்றும் இல்லாமலும் வீடு வந்து சேர்ந்தார். வாரம் மூன்று நாள் சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். போகிற வழியில் ஒவ்வொரு குழியும் அவர் முதுகில் ஏறி இறங்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவர் சம்சாரம் கோகிலவாணி அண்ணி நாற்பத்தி மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, கோயம்புத்தூரில் ஒரு பழைய பெரிய காரைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தாள். விற்றவன் அவளுக்கு ஒன்று சொல்லி அனுப்பியிருந்தான்: இந்த வண்டியில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனி, வலது சக்கரம் குழியில் இறங்கினால் இடது சக்கரத்துக்குத் தெரியாது, அதனால் அவரை இடது பக்கம் சாய்த்து உட்கார வையுங்கள், குழியெல்லாம் வலது பக்கத்துக்குக் கொடுங்கள். அண்ணி அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டாள். ஸ்டீயரிங் இருக்கும் தன் பக்கத்துக்கே எல்லாக் குழியையும் வாங்கிக்கொண்டு அவள் ஓட்டிப் போவதைப் பார்த்தால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும்.

அந்தக் கார் ஒரு நாள் வலது பின்பக்கம் டொக்கு டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றது.

"தம்பி, ஒரு வாரமா சத்தம் வருது. என்னன்னு பாருங்க, நாளான்னைக்கு சேலம் போகோணும்."

கீழே படுத்துப் பார்த்தேன். லாரிக்கு இருக்கிற மாதிரி இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஓடுகிற தடித்த இரும்புக் குழாய், ஆக்ஸில் ஹவுசிங், அங்கே இல்லை. நடுவில் ஒரு உருண்டை தொங்கியது, அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒல்லியாக ஒவ்வொரு ராடு போனது, சக்கரத்துக்குச் சக்கரம் கைகால் மாதிரி நாலைந்து ஆர்ம், ஆர்முக்கு ஆர்ம் ரப்பர் புஷ். எழுந்து பின்னால் வந்து பார்த்தால் சக்கரம் இரண்டும் தலைப்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றன. எங்கள் ஊரில் சக்கரம் சாய்ந்தால் ஹவுசிங் வளைந்துவிட்டது என்று அர்த்தம், அதிகப் பாரம் ஏற்றிய பாவம் என்று அர்த்தம். இந்தக் காரின் சக்கரம் பிறவியிலேயே அப்படித்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் டயர்க்கடை மாரப்பன் முதற்கொண்டு தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள், எனக்கு நா எழவில்லை.

"அண்ணி, இந்த வண்டில ரெண்டு சக்கரத்துக்கும் ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே இல்லீங். அதான் கோவிச்சுட்டு சாஞ்சு நிக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள்.

சேலத்துக்குப் போன் போட்டு அந்த ஆர்மைக் கேட்டிருக்கலாம். அதற்கு என்ன பேர் என்று தெரியாமல் கடைக்காரப் பையனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. அதனால் அன்று மத்தியானமே மூட்டில்லாத மூன்று இஞ்சு சீம்லெஸ் பைப்பை அளந்து வெட்டி, சக்கரம் இரண்டையும் நேராக நிமிர்த்தி, இந்தப் பக்க ஆர்முக்கும் அந்தப் பக்க ஆர்முக்கும் நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்தேன். சத்தம் நின்றுபோனது. "முன்னைக்கு இப்ப ஸ்ட்ராங்குங்க" என்று சாவியைக் கொடுத்தேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு: பின் ஆக்ஸிலில் கை வைத்தவன், வண்டியை ஒப்படைக்கும் முன், அந்த ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஏறிக்கொண்டு வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும், தன் வேலையின் குலுக்கலைத் தன் உடம்பில் முதலில் வாங்க வேண்டும். நான் அன்று முன்சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு வந்தேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை என் வீட்டு வாசற்படி இரண்டு விரல்கடை அமிழ்ந்திருந்தது, எதிரே அண்ணி வீட்டு அடுப்பில் பால் சட்டியின் ஒரு பக்கம் மட்டும் பொங்கி வழிந்தது. அதே வாரத்தில் பரிமளம் டீச்சரின் மகள் பரீட்சையில் தோற்ற சேதி வந்ததும் டீச்சர் வீடு அமிழ்ந்து, எதிரே இருந்த மாரப்பனின் வீடு சாய்ந்து, அவர் அடுக்கி வைத்திருந்த டயரெல்லாம் தெருவில் உருண்டு ஓடின. அப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் ரசமட்டம் எடுத்து வந்து எல்லா வீட்டுத் தரையிலும் வைத்துப் பார்த்து, மண் இளகல் என்று எழுதிக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

தெரு பழகிக்கொண்டது. மனுசர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்! கட்டில் காலுக்கு ஆப்பு வைத்தார்கள், கடன் கேட்கிற மாதிரி ஆப்பை இரவல் கேட்டார்கள், இட்லி ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் வெந்து வர, தடித்த பக்கம் யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள், தரகர்கள் சம்பந்தம் பேச வந்தால் வீட்டை விட்டுவிட்டு எதிர்வீட்டில் யார், அவர்கள் சந்தோசமாக இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். மனசு விட்டு அழ வேண்டியவர்கள் எதிர்வீட்டுச் சாம்பாரைச் சாய்க்கக் கூடாதே என்று வாய்க்கால் பாலத்துக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் பாலத்தின் மேல் ஆறேழு பேர் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் நின்று அழுவது சகஜமாகப் போயிற்று. துக்கப்படுவது அசிங்கமாகவும், அடுத்தவர் வீட்டுக்குள் அழுக்குக் காலோடு போவது போலவும் ஆனது. பிறகு பெண்கள் அதற்கும் ஒரு மரியாதை கண்டுபிடித்தார்கள். சாய்ந்த வீட்டுக்காரி, அமிழ்ந்த வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் ஏதாவது சமைத்து, தட்டுப் போட்டு மூடி அனுப்புவாள். என்ன பாரம் என்று கேட்க மாட்டாள். வாங்குகிறவளும் சொல்ல மாட்டாள்.

அப்படி எனக்கு வந்தது அண்ணி வீட்டுச் சாப்பாடு. அமிழ்ந்தது என் வீடு, சாய்ந்தது அவள் வீடு. திங்கள், புதன், வெள்ளி அவள் அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் என் படி இன்னும் கொஞ்சம் கீழே போகும், அவள் திரும்பி வந்து சாய்ந்த அடுப்பில் சமைத்து, கொள்ளுப் பருப்பு ஒரு நாள், கத்திரிக்காய் கடைசல் ஒரு நாள், தானே கொண்டுவந்து வைப்பாள்.

"சாப்பிடுங்க தம்பி. என்னவா இருந்தாலும் சரியாயிரும்."

நான் சாப்பிட்டேன். வழித்துச் சாப்பிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது எதற்கும் மதிப்பில்லை. என் சம்சாரம் சம்பூர்ணம் மட்டும் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்ப்பாள், "அப்படி என்னதான் வெச்சிருக்கறீங்க உள்ள?" என்பாள், நான் பட்டறைக்குள் போய் எதையாவது தட்டுவேன்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தபோது அண்ணனின் முனகல் வீதிக்குக் கேட்க ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணனைத் தூக்கி வைக்க வழக்கமாக வருகிற ஆள் வராததால் அண்ணி என்னைக் கூப்பிட்டாள். தூக்கி இடது பக்கம் சாய்த்து உட்கார வைத்தேன். முன்சீட்டில் மருந்துப் பையும் தலையணையும் இருந்ததால் நான் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

ஊர் தாண்டியதும் முதல் குழி. அண்ணி அதை அழகாக வலது சக்கரத்துக்குக் கொடுத்தாள். வலது சக்கரம் இறங்கியது, என் பைப் இடது சக்கரத்தையும் சேர்த்துத் திருகியது, சீட்டே ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டார். இரண்டாவது குழி, மூன்றாவது குழி, ரயில்வே கேட்டின் தண்டவாளம். அண்ணி குழி தேடித் தேடித் தன் பக்கம் வாங்கிக்கொண்டே இருந்தாள், அது எல்லாம் பைப் வழியாக நடந்து வந்து இவர் முதுகில் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அண்ணன் துண்டை வாயிலிருந்து எடுத்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"எத்தன இஞ்சு பைப்பு, தம்பி?"

"மூணுங்ண்ணா."

"சீம்லெஸ்ஸா?"

"ஆமாங்."

"அப்ப ஒடையாது" என்றார், ஒரு டிரைவர் இன்னொரு வண்டியைப் பற்றிச் சொல்வது போல.

"உங்களுக்கு எப்படிங்ண்ணா…"

"இருவத்திரண்டு வருசம் லாரியோட கட்டு ஆக்ஸில் மேல உக்காந்தவன்டா நான். மொத நாளே தெரியும்."

"அண்ணிகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னய நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேப்பா. நீ மானஸ்தன், தாங்க மாட்ட. நானே அவளுக்குப் பாரம், இதுல உன்னயும் ஏன் ஏத்தறது. நீயே சொல்லீருவேன்னு நெனச்சேன்."

முன்னாலிருந்து அண்ணி திரும்பாமலே, "மறுபடியும் மொனகறீங்களா?" என்றாள். குரலில் சலிப்பு இருந்தது. அண்ணன் துண்டைத் திரும்பக் கடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைப் பார்த்தார், மூணு மாசமாக வலி ஏறிக்கொண்டே போகிறது, நரம்பு மேலும் நசுங்குகிறது என்று அர்த்தம், அடுத்த வியாழக்கிழமை முதுகைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார். திறந்தால் கையும் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். அண்ணி கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் வீடு கண்முன்னே இறங்கியது, எதிரே அவள் வீட்டு ஓடு சரிந்து தெருவில் விழுந்தது, அந்த ஓட்டைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு அவள் எனக்குக் கிண்ணம் கொண்டுவந்தாள். ஆபரேசன் வரை அலைச்சல் வேண்டாம் என்று சேலம் போகாத அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், அவள் கொடியில் துணி காயப்போடுகிறபோது, தெருவில் ஆள் இருக்கிற நேரம் பார்த்தே போனேன். மூடிய கிண்ணம் கையில் அப்படியே இருந்தது.

"அண்ணி, அண்ணனுக்கு நரம்பு நசுங்கலீங். காரைக் கெடுத்தது நானுங். சக்கரம் ரெண்டையும் பைப்பு வெச்சு ஒண்ணாக் கட்டிப்போட்டேன். நீங்க வலது பக்கம் வாங்கற குழியெல்லாம் இடது பக்கம் அவர் மேலதான் போகுது."

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"எப்ப?"

"ஆடியில. நீங்க சத்தம் வருதுன்னு சொன்ன அன்னைக்கே."

"அவருக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுங்."

மாரப்பன் கடையில் கம்ப்ரசரை நிறுத்தினார். அண்ணி துணியைக் கொடியில் போட்டாள், மடிப்பை நேராக இழுத்துவிட்டாள், அப்புறம் என்னைப் பார்த்து, யாரையும் திட்டாத குரலில் பேசினாள்.

"பொரட்டாசில ஒரு நாளு, கேட்டத் தாண்டி ஓரங்கட்டி நிறுத்திப் பொறகால திரும்பி அவரை அடிச்சேன். தெரியுமா உங்களுக்கு? நடிக்கறீங்கன்னு சொல்லிக் கன்னத்துலயே அடிச்சேன். அவர் ஒண்ணுமே சொல்லல. தெரிஞ்சுட்டே ஒண்ணும் சொல்லல."

தெரு முழுக்கக் கேட்டது. என்னைத் திட்டியிருந்தால், செருப்பைக் கழற்றியிருந்தால், நான் அன்றைக்குப் பிழைத்திருப்பேன். அவள் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"போய்ப் பைப்ப அறுங்க" என்றாள்.

அன்று சாயங்கால பஸ்ஸுக்கே கோயம்புத்தூர் போனேன். காலையில் ஒரு பட்டறையில், என் மகன் வயசுகூட இருக்காத மெக்கானிக்கிடம், எனக்கு இது தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். இருபத்தேழு வருசத்தில் முதல் தடவை. அவன் சிரிக்கவில்லை. லிஃப்டில் நின்ற ஒரு காருக்குக் கீழே என்னைக் கூட்டிப் போய்க் காட்டினான். லாரியில் ஆக்ஸில் நுகத்தடி மாதிரிங்க, ஒரு மாடு தடுக்கினால் இன்னொரு மாட்டின் கழுத்தும் திருகும் என்றான். இதில் நடு உருண்டையைப் பாடியோடு சேர்த்துக் கட்டியாயிற்று, அதிலிருந்து போகிற இரண்டு ராடுக்கும் சக்கரத்தைச் சுழற்றுகிற வேலை மட்டும்தான், முட்டியில் மடங்கி மடங்கிச் சுற்றும், பாரம் தாங்காது. பாரம் தாங்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஸ்பிரிங், துள்ளலை அடக்கத் தனி ஷாக், மேலும் கீழும் போகிற வழியைப் பிடித்து வைக்கத் தனி ஆர்ம். இந்தச் சக்கரம் குழியில் விழுந்தால் இந்த ஆர்ம் மட்டும் கீழே வீசி இறங்கும், ஸ்பிரிங் நீளும், திரும்பி ஏறும், அந்தச் சக்கரம் தன் பாட்டுக்கு ரோட்டில் ஓடும். தலை உள்ளே சாய்ந்து நிற்கிறதே என்றேன். வளைவில் வண்டி சரியும்போது வெளிப்பக்க டயர் முழுசாக ரோட்டில் படிய வேண்டுமே, அதற்குத்தான் என்றான். உங்கள் வண்டிக்குப் போனது ஒரே ஒரு புஷ், இந்த உள்ளங்கை அளவு ரப்பர் என்று எடுத்துக் கையில் வைத்தான். அதைப் பிடித்துக்கொண்டு நான் அழுதபோது அவன் வேறு பக்கம் பார்த்தான்.

புதன்கிழமை பைப்பை அறுத்து, புது ஆர்மும் புஷ்ஷும் போட்டு, நானே பின்சீட்டில் இடது பக்கம் படுத்துக்கொண்டு வாய்க்கால் பாலம் வரை போய் வந்தேன். அப்புறம் அண்ணனை உட்கார வைத்து அண்ணி சேலம் வரை ஓட்டிப் போனாள். வழி நெடுக அவர் தூங்கினார். டாக்டர் ஆபரேசனைத் தள்ளி வைத்தார், மாசம் ஒன்று ஆனதும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்.

பைப்பை அறுத்த மறுநாள் தெரு நேரானது, எதிர்வீட்டுப் பாரத்துக்கு எந்த வீடும் சாயவில்லை. பால் எல்லாப் பக்கமும் ஒன்றாகப் பொங்கியது, ஆப்புகளை அடுப்பில் வைத்து எரித்தார்கள், வாய்க்கால் பாலத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அவரவர் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக அழுதார்கள். கிண்ணங்கள் நின்றுபோயின. என் வீடு மட்டும் அன்று காலை ஒரேயடியாக இரண்டு படி ஆழம் இறங்கியது. இத்தனை நாள் என் பாரத்தில் பாதியை எதிர்வீடு தாங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அதற்கு நான் வருத்தப்படவில்லை, அது எனக்கு வர வேண்டியதுதான். இப்போதும் வருகிறவர்கள் குனிந்து பார்த்துக் கால் வைத்துத்தான் உள்ளே இறங்க வேண்டும்.

நாலாம் நாள் அண்ணி வீடு அமிழ்ந்தது. அண்ணனுக்கு வலி குறைந்து, வண்டி தொட்டில் மாதிரிப் போய் வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று தெருவே சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் வாசல் ஒரு சாண் கீழே இறங்கி நின்றுவிட்டது. அது என்ன பாரம் என்று எனக்குத் தெரியும். சம்பூர்ணம் கத்திரிக்காய் கடைந்து கிண்ணத்தில் போட்டு மூடிக் கொடுத்தாள், எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கதவருகே நின்றாள், கிண்ணத்தை வாங்கவில்லை.

"அண்ணி, அந்த அடி என்னுதுங். நான் சொல்லாம விட்டதாலதான…"

"இல்ல தம்பி" என்றாள். "கை என்னுது."

உள்ளே அண்ணன் அவளைக் கூப்பிட்டார், அவள் போய்விட்டாள். நான் கிண்ணத்தோடு தெருவைக் கடந்து, என் இரண்டு படியையும் இறங்கி, வீட்டுக்குள் நடுத்தரையில் ரசமட்டத்தை வைத்து எதிரே உட்கார்ந்தேன். அவள் பாரத்தில் கொஞ்சமாவது இந்தப் பக்கம் வரட்டும் என்று பொழுது சாயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீடு அந்தப் பக்கம் ஒரு நூல்கூடச் சாயவில்லை.